ஐப்பசி பிறக்குமுன் வாசற்காமிரா

புரட்டாசி பாதி கடந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், செம்பரம்பாக்கம், நசரத்பேட்டை, திருமழிசை, குன்றத்தூர் முதலிய ஊர்களில் வீடு கட்டிக் குடியேறியிருப்பவர்களில் எவரெவர் வாசலுக்கு ஒரு காமிரா வைக்க வேண்டுமென்று நினைத்து நினைத்து ஒத்திப் போட்டு வந்தார்களோ, அவர்களுக்கெல்லாம் இன்னும் இரண்டு வாரமே அவகாசம் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்ட பிறகு ஏணி வைத்து ஏறி, நனைந்த சுவரில் மின்சார டிரில்லால் துளை போடச் சொல்வது வேலை செய்பவர் உயிரோடு விளையாடுகிற காரியம். கைப்பழக்கமுள்ள நல்ல ஆள் அதற்கு ஒப்பவும் மாட்டார்.

காமிரா வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ரிச்சி தெருவிலோ பூந்தமல்லிக் கடைவீதியிலோ குழல்விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிற படத்தைப் பார்த்து மயங்கி, அதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. ஏரியை அண்டி வாழ்கிறவர்கள் வருஷத்தின் மிக மோசமான இரவை மனத்தில் வைத்துக்கொண்டே காமிராவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது எப்படிப்பட்ட இரவு என்பதை இந்தப் பக்கத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடியும் முழு மட்டம் 24 அடியும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து, 2015 டிசம்பர் முதல் தேதி இரவு வினாடிக்கு 29,000 கன அடி வரையில் தண்ணீர் வெளியேற்றப்பட்டு, அடையாற்றின் இரு கரைகளிலும் வெள்ளம் புகுந்தபோது, மின்சாரம் நின்றது, செல்போன் தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயிற்று, கீழ்த்தளவாசிகள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டு மேட்டிடம் தேடிப் போனார்கள். 2020 நவம்பரில் நிவர் புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அந்த ஞாபகத்தைப் புதுப்பித்துவிட்டுப் போயின. ஆளில்லாமல், இருண்டு, மின்சாரமுமற்றுக் கிடக்கிற அந்த வீட்டுக்குத்தான் காவல் அவசியம். மின்சாரமும் இணையமும் இருக்கிறவரையில் மட்டும் விழித்திருக்கிற காமிராவோ சரியாக அந்த வேளையில் கண்ணை மூடிக்கொள்கிறது.

ஆகையால் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த முறையில் படம் காமிராவிலிருந்து வீட்டுக்குள் வருகிறது என்பதே. வைஃபை காமிரா மலிவு, கேபிள் இழுக்கும் தொல்லை இல்லை; வாடகை வீட்டுக்காரருக்கும், வாசல் ஒன்றை மட்டும் கண்காணிக்க விரும்புகிறவருக்கும் அது போதும். ஆனால் ரௌட்டர் நின்றால் செல்போனுக்கு எச்சரிக்கை வராது. காமிராவுக்குள் மெமரி கார்டு இல்லையென்றால் பதிவும் மிஞ்சாது. சிம் கார்டு போட்டு, தலையில் சிறிய சோலார் தகடு வைத்த காமிராக்கள் இப்பொழுது காலி மனைக்காரர்களிடையே பிரபலமாகி வருகின்றன. கோடையில் அவை நன்றாகவே உழைக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தொடர்ந்து நாலைந்து நாள் வெயில் முகமே தெரியாதபோது பாட்டரி இறங்கிவிடும் என்பதை விற்பவர் சொல்ல மாட்டார். சொந்த வீட்டுக்கு என் யோசனை, கேபிள் இழுத்த காமிராக்களும் வீட்டுக்குள் ஒரு ரெக்கார்டரும்தான். மின்சாரமும் படமும் ஒரே கேபிளில் போகிற பி.ஓ.இ. முறை சற்று விலை கூடினாலும், இணைப்புகள் குறைவாதலால் மழையில் கெடும் இடங்களும் குறைவு. அந்தக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனை நம் மனைகளுக்கு ஒரு பொருட்டே அல்ல.

லென்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைப் படத்தைக் கொண்டு அடையாளம் காண வேண்டுமானால், சர்வதேசத் தரவிதியின்படி, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் விழ வேண்டும். சாதாரண இரண்டு மெகாபிக்ஸல் காமிராவில் குறுக்கே இருப்பவை 1,920 புள்ளிகள். வகுத்துப் பார்த்தால், காட்சியின் அகலம் ஏழரை மீட்டரைத் தாண்டாத தூரம் வரையில்தான் முகம் முகமாகத் தெரியும். வீட்டு முன்புறம் முழுவதையும் ஒரே பார்வையில் வளைத்துக் காட்டுகிற 2.8 மில்லிமீட்டர் லென்ஸில் அந்தத் தூரம் சுமார் மூன்று மீட்டர், 3.6-இல் சுமார் நான்கு. 6-இல் சுமார் எட்டு. ஆகவே கடைக்காரர் பெருமையாகக் காட்டுகிற அகன்ற காட்சியில் கேட்டுக்கு வெளியே நிற்பவர் ஒரு ஆள் என்று தெரியுமே ஒழிய, எந்த ஆள் என்று தெரியாது. போர்ட்டிகோவுக்கு ஒரு 2.8, கேட்டையும் அதன் முன் நிற்கும் வண்டியையும் குறிபார்த்து ஒரு 6, பின்பக்கத்துக்கும் மொட்டை மாடிப் படிக்கும் ஒவ்வொன்று என்று நான்கு காமிரா வைத்துக்கொள்வது, மூலைக்கொன்றாக ஒரே ரகத்தை மாட்டுவதைவிடப் பிரயோஜனமானது. உயரம் எட்டு முதல் பத்து அடி போதும். கைக்கு எட்டாதிருக்க வேண்டுமென்று இரண்டாம் மாடிச் சன்ஷேடில் மாட்டினால் தலைமயிரைத் தவிர வேறொன்றும் பதியாது.

கேட்டைப் பார்க்கிற காமிராவுக்கு இன்னொரு உபகாரமும் உண்டு. கேட்டுத் தூணில் தரையிலிருந்து அரை அடிக்கு ஒரு கோடாக வெள்ளைப் பெயிண்டில் அளவு வரைந்து வைத்தால், அம்பத்தூரிலோ ஆவடியிலோ அலுவலில் இருப்பவர் தம் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை, மின்சாரமும் தொடர்பும் இருக்கிறவரையில், செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். திருடர் வருவது அபூர்வம், தண்ணீர் அப்படியல்ல.

காமிராவின் உடலில் ஐ.பி.66 அல்லது 67 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் எண் தூசு புகாததையும், இரண்டாவது எண் நீர் புகாததையும் குறிக்கும். 6 என்றால் வேகமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி கிடந்தாலும் தாங்கும். ஆனால் மழையில் கெடுவது பெரும்பாலும் காமிரா அல்ல, அதன் வாலில் தொங்குகிற இணைப்புதான். இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடுவது நம்மூர் வழக்கம். ஒரு மழைக்கு அது தாங்காது. இணைப்புகளை மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, கேபிள் சுவருக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு ஏற்றச் சொல்லுங்கள். வழிகிற நீர் அந்த வளைவில் சொட்டிப் போகும். இரவுக் காட்சிக்கான அகச்சிவப்பு ஒளியை நாடிப் பூச்சிகளும், மழை விட்ட மாலைகளில் ஈசலும், அவற்றை நாடிச் சிலந்தியும் வந்து சேரும். கண்ணாடிமேல் ஓர் இழை வலை படிந்தாலே இரவுப் படம் வெள்ளைப் புகையாகிவிடும். வாரத்துக்கொரு முறை ஒட்டடைக் குச்சியை அந்தப் பக்கமும் திருப்புவது நலம். தென்னை ஓலையோ முருங்கைக் கிளையோ காட்சிக்குள் ஆடிக்கொண்டிருந்தால் செல்போன் ராத்திரி முழுவதும் அலறும். கிளையைக் கழிக்கலாம், அல்லது மனிதர் அசைவுக்கு மட்டும் எச்சரிக்கை தருகிற ரகமாக வாங்கலாம்.

ரெக்கார்டரை எங்கே வைப்பது? மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. ஏரிக்கரை ஊர்களுக்கு இதைவிடத் தகாத இடம் இல்லை. மாடி இருந்தால் மாடியில், இல்லையேல் பரணில் வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் பாட்டரியும் தரையில் உட்காரக் கூடாது. நான்கு காமிராவும் ரெக்கார்டரும் சேர்ந்து 40 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும். ஆகவே மின்விசிறி, விளக்குகளை நிறுத்திவிட்டு அவற்றை மட்டும் விட்டுவைத்தால், நல்ல நிலையிலுள்ள 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒரு நாள் முழுவதும் தாங்கும். இடி மின்னலுக்காக எர்த்தையும் இப்போதே எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துவிடுங்கள்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்க வேண்டாம். இணையத்தோடு இணையும் காமிராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்தது, எஸ்.டி.க்யூ.சி. சான்று உண்டா என்று கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. 2016 அக்டோபரில் அமெரிக்காவில் டிவிட்டர் முதலான பெரிய தளங்கள் பல மணி நேரம் முடங்கியதற்குக் காரணம், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமலேயே விடப்பட்ட காமிராக்களையும் ரெக்கார்டர்களையும் விஷமிகள் வசப்படுத்திக்கொண்டதுதான். பொருத்துகிறவர் போவதற்குமுன், அவர் வைத்த பாஸ்வேர்டை நீங்களே மாற்றிவிடுங்கள்.

பக்கத்து வீட்டு ஜன்னலும், அவர்கள் துணி உலர்த்தும் மாடியும் காட்சியில் விழுந்தால், ரெக்கார்டரின் அமைப்பிலேயே அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருப்பது ஒருபுறமிருக்க, சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிறவர்களுக்குள் மனஸ்தாபம் வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய காரணமாகப் படுகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் வீடு பூட்டியிருக்கும் நாட்களைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பூந்தமல்லி வட்டாரம் 2022 முதல் ஆவடி ஆணையரகத்தின் எல்லையில் இருக்கிறது.

இனி, பதிவு எத்தனை நாள் நிற்கும் என்ற கணக்கு. ஒரு காமிரா வினாடிக்கு இரண்டு மெகாபிட் வீதம் பதிந்தால் நாளொன்றுக்குச் சுமார் 21 ஜிகாபைட் ஆகும்; நான்கு காமிராவுக்கு ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் பதினோரு நாளில் நிறைந்து, பழையதை அழித்துக்கொண்டு புதியதை எழுதத் தொடங்கும். வெள்ளம் வடிந்து, சேறு அள்ளி, வீடு திரும்ப இரண்டு வாரம் ஆகக்கூடிய ஊரில் இரண்டு டெராபைட் போடுவதே உசிதம். களவு ஏதேனும் நேர்ந்திருந்தால் உடனே அந்தப் பகுதியைத் தனியே நகலெடுத்து வையுங்கள், மூலப் பதிவையும் அழிய விடாதீர்கள். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி அத்தகைய நகல் சாட்சியமாக ஏற்கப்பட, உரிய சான்றிதழும் உடன் வர வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு சில ரெக்கார்டர்களின் கடிகாரம் பின்னுக்குப் போய் ஏதோ ஒரு பழைய வருஷத்தைக் காட்டும்; உள்ளே இருக்கும் பொத்தான் பாட்டரி தீர்ந்துபோனதற்கு அது அறிகுறி. தேதி தவறிய பதிவை வைத்துக்கொண்டு போலீஸாரிடம் விவாதிக்க நேராதிருக்க, பாட்டரியை இந்த வாரமே மாற்றி, மணியையும் தேதியையும் சரிசெய்து வையுங்கள்.