மாதக் கணக்கும் வாரக் கணக்கும்

அன்புள்ள கயலுக்கு,

ஒன்பதாம் மாதம் அங்கேயே வளைகாப்பை முடித்துக்கொண்டு, 35ஆவது வாரத்தில் துபாயிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறப்போவதாக எழுதியிருந்தாய். டாக்டர் சான்றிதழுக்கு அலைவானேன், தொளதொளவென்று ஒரு சுடிதாரைப் போட்டால் வயிறு தெரியாது என்று தோழிகள் சொல்கிறார்களாம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர ஆசைப்படுவது நியாயம். மறைத்து வர நினைப்பதுதான் சரியில்லை.

பறப்பதே தப்பு என்று பெரியவர்கள் யாராவது சொன்னால் பயப்படாதே. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போலத்தான் வைத்திருப்பார்கள். ஊட்டியே ஏறக்குறைய 7,350 அடி. அங்கேயும் பெண்கள் சுமந்து பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உன் ரத்தத்தில் ஆக்சிஜன் சற்றுக் குறைந்தாலும், வயிற்றுப் பிள்ளையின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை நம்முடையதைவிட இறுகப் பற்றிக்கொள்ளும். நலமான கர்ப்பத்தில் அந்தக் குறைவு பிள்ளையைப் பெரிதாகத் தொடுவதில்லை. அப்படியானால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்தை ஒட்டிச் சான்றிதழ் கேட்பதும், 36 வாரத்தை ஒட்டிக் கதவைச் சாத்துவதும், இரட்டைப் பிள்ளை என்றால் 32லேயே நிறுத்துவதும் எதற்கு? அந்த வாரங்களில் வலி தானாகவே வரக்கூடும். அரபிக்கடலுக்கு மேலே பனிக்குடம் உடைந்தால் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் குழந்தை டாக்டரும் கீழேதான் இருப்பார்கள். விமானத்தைத் திருப்பி இறக்கவும் நேரம் பிடிக்கும்.

“எல்லாம் நார்மல் என்று டாக்டரே சொல்லிவிட்டார், பிறகு எதற்குக் காகிதம்?” என்பாய். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும் வரைக்கும்தான் அந்த நார்மல். பயணத்துக்கென்று கேட்கும் கேள்விகள் வேறு: நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா, பிரஷர் ஏறுகிறதா, சமீபத்தில் ரத்தப்போக்கு இருந்ததா, ஹீமோகுளோபின் 7.5க்குக் கீழே போயிருக்கிறதா? அந்தக் காகிதத்தில் எத்தனை வாரம், பிரசவத் தேதி என்ன, ஒன்றா இரண்டா, சிக்கல் உண்டா, பறக்கலாமா என்று நாலைந்து வரிதான் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் டாக்டர் உன்னைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மறைத்து வந்த பலரும் நல்லபடியாகச் சேர்ந்தார்களே என்று கேட்பாய். சேர்ந்திருப்பார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குச் சான்றிதழும் கேட்டவுடன் கிடைத்திருக்கும். மறைத்ததால் மிச்சமானது ஒரு நாள் அலைச்சல்தான். கிடைக்காமல் போகக்கூடிய சிலரில் நீயும் ஒருத்தியா என்பது பார்த்தால்தான் தெரியும். தொளதொள சுடிதார் கவுண்டரில் இருப்பவரை ஏமாற்றலாம், ஏறுகிற பிரஷரை ஏமாற்றாது.

சீக்கிரம் வந்தால் லீவு வீணாகும் என்கிறாய். 35ஆவது வாரம் என்பது விளிம்பு. பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பிரசவம் அங்கேதான் என்றாகிவிடும். வீட்டில் மாதக் கணக்கு, கவுண்டரில் வாரக் கணக்கு. ஸ்கேன் சொல்லும் வாரத்தை வைத்தே டிக்கெட் போடு. சான்றிதழ் எத்தனை நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள். என்னைக் கேட்டால் 28 வாரத்துக்கு முன்பே வந்துவிடு. அப்போது பல விமான நிறுவனங்கள் காகிதம் கேட்காது. கேட்காவிட்டாலும் டாக்டரிடம் அதே கேள்விகளைக் கேட்டுவிட்டு ஏறு. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடுதல், நாலு மணி நேரம் உட்கார்ந்தே வந்தால் இன்னும் கூடும். அதனால் நடைபாதை ஓரத்து இருக்கையாகக் கேட்டு வாங்கி, அடிக்கடி எழுந்து நட, தண்ணீர் குடி. பெல்ட்டை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு படியப் போடு.

ஏழாம் மாதத்து வளைகாப்பை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். டிக்கெட்டை மாற்றிவிட்டுத் தேதியை எழுது. வளையல்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா