லீவு நாளில் மகளைத் தோட்டத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் தினமும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். கங்காணியிடம் முன்பணம் 15,000 ரூபாய் வாங்கியிருக்கிறோம். இப்போது வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை. "சனி, ஞாயிறு மகளைக் காய் எடுக்க அனுப்பு, கூலியைக் கடனில் கழித்துக்கொள்கிறேன்" என்கிறார் கங்காணி. அவளுக்கு 13 வயது, எட்டாவது படிக்கிறாள். லீவு நாளில் அனுப்புவதும் தப்பா? மகனுக்கு 16 வயது. அவனை அனுப்பலாமா?
– ஒரு வாசகி, பொட்டிபுரம்

பதில்: மகளை அனுப்பாதீர்கள் அம்மா. லீவு நாளானாலும் தப்புதான்.

1986-ம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் கூடமாட உதவலாம் என்று ஒரு விலக்கு உண்டு. கங்காணிகள் பிடித்துத் தொங்குவது இதைத்தான். (அந்த விலக்கே வந்திருக்கக் கூடாது என்பது என் கட்சி.) ஆனால் அது உங்கள் சொந்தக் காட்டுக்கும் கடைக்கும்தான். முதலாளி தோட்டத்தில் தாய்க்குப் பக்கத்தில் நின்று காய் எடுத்தாலும் அது குடும்பத் தொழில் ஆகாது. வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் தடவை தண்டனை இல்லை. மறுபடி அனுப்பினால் 10,000 வரை அபராதம். இது மத்தியச் சட்டம். போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டினாலும் செல்லும்.

அடுத்து முன்பணம். வாங்கியது நீங்கள், மகள் அல்ல. கடனைக் காட்டி, கையில் கூலி தராமல் குடும்பத்து ஆளை உழைக்க வைப்பது 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் மாட்டும். கொத்தடிமை என்று முடிவானால் அந்தக் கடனையே திருப்ப வேண்டியதில்லை. பிள்ளையின் கூலியைப் பிடித்து வைப்பவருக்கு 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 5 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. கங்காணியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

வீட்டு நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமும் அதைப் பார்த்தது. பிள்ளையை ஆபத்தான தொழிலில் வைத்தவர் தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி பார்க்க வேண்டும் என்றது.

மகன் விஷயம் வேறு. 14 நிறைந்தவர்களை ஆபத்தான வேலைகளில் மட்டும் வைக்கக் கூடாது என்கிறது சட்டம். படிக்கிற பையனென்றால் படிப்பை நிறுத்தாதீர்கள். எப்படியானாலும் ஏலத்துக்கு மருந்தடிக்கும் பக்கம் விடவே கூடாது.

கங்காணி மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்யுங்கள்; கேரளப் பக்கம் இடுக்கியிலிருந்தும் அழைக்கலாம். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவிக்கு 15100. பெண் என்பதால் உங்களுக்கு அது இலவசம், வருமானச் சான்று தேவையில்லை.