கித்தானுக்கு அடியில் நுழையும் காற்று

அன்புள்ள தம்பிக்கு,

சின்னப் படகுகளுக்குக் கித்தான் நிழற்கூரை தைத்துக் கட்டும் தொழிலில் இறங்கியிருக்கிறாய். வெட்டும் தையலும் போகப் போகக் கைக்கு வந்துவிடும். கட்டுவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கல்யாணப் பந்தலைப் போல, துணி கீழே சரியாமல் தாங்குவதுதான் வேலை என்று எண்ணித் தொடங்குகிறவர்கள் அதிகம். படகில் கூரை கீழே விழுவது அபூர்வம். மேலே பிய்த்துக்கொண்டு போவதுதான் வழக்கம். அதனால் நீ கட்டும் ஒவ்வொரு கட்டும் கூரையைக் கீழ்நோக்கி இழுக்கும் கட்டாக இருக்க வேண்டும்.

கணக்கைப் பார். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டரில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 72 ஆனால் 24 கிலோவுக்கு மேல். சோழகக் காற்று 40-இல் அடிக்கும்போது அதற்கு எதிராகப் படகை 25-இல் ஓட்டினால், கூரை சந்திப்பது 65 கிலோமீட்டர் காற்றை. 2 மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள கித்தான் அதை முழுசாக வாங்கினால் சுமார் 100 கிலோ. தட்டையாக, விறைப்பாக இருக்கும்வரை அதில் ஒரு பங்குதான் அதன்மேல் ஏறும். முன்விளிம்பு நாலு விரல் தூக்கிக்கொண்டால் போதும், காற்று அடியில் புகுந்து துணியை உப்ப வைத்துவிடும். அந்த நொடியில் நிழல்துணி பாயாகிவிடுகிறது. ஆகவே கூரையைத் தாங்கும் முன்குழாயின் இரு முனைகளிலிருந்தும் பட்டை அணியத்தை நோக்கிச் சாய்வாகக் கீழே இறங்கட்டும். பின்குழாயின் பட்டைகள் அதற்கு நேர்எதிராகப் பின்பக்கம் இறங்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்தால்தான் நடுவில் துணி தவில் தோல் மாதிரி நிற்கும். தொளதொளத்த துணி படபடத்தே தன் தையலைத் தின்றுவிடும்.

விளிம்பெல்லாம் ஐலட் அடித்துப் பத்துக் கயிறு கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். பத்துக் கயிறும் ஒரே இறுக்கத்தில் நிற்பதே இல்லை. எது அதிகம் இறுகியிருக்கிறதோ அதன் ஐலட் முதலில் கிழியும். அதன் சுமை பக்கத்துக் கண்ணுக்குப் போகும். பிறகு வரிசையாகக் கிழியும். விளிம்பை மடித்து உறை தைத்து, அதற்குள் குழாயை நுழைத்தால் இழுவை துணியின் முழு அகலத்துக்கும் பரவும். கயிறு விஷயத்திலும் கவனம் வேண்டும். நைலான் இழுவையில் நீளும், நனைந்தால் இன்னும் தளரும். இங்கே பாலியஸ்டர் பட்டைதான் நல்லது. பட்டையின் அடிமுனையைப் பார்க்காமல் விடாதே. ஃபைபர் விளிம்பில் வெறும் ஸ்குரூவை முறுக்கி மாட்டிய கொக்கி, மேல்நோக்கி இழுத்தால் புரியோடு பிடுங்கிக்கொண்டு வரும். துளை போட்டு போல்ட்டை முழுக்கக் கடத்தி, அடியில் அகலமான தகடு வைத்து, நட்டால் இறுக்கு. படகில் ஓட்டை போடாதே என்று உரிமையாளர் தயங்குவது நியாயம்தான். ஆனால் ஸ்குரூவும் ஓட்டைதான் போடுகிறது. நீர்மட்டத்துக்கு மேலே, சீலன்ட் பூசி அடைத்த போல்ட் துளையால் படகுக்குக் கெடுதல் வராது.

காற்று மிஞ்சினால் கூரையைச் சட்டென்று கழற்றவும் முடிய வேண்டும். இத்தனை பலமாகக் கட்டியபின் அதை எதற்குக் கழற்ற வேண்டும் என்பது அடுத்த கேள்வி. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான். துணியும் குழாயும் போல்ட்டும் எல்லாம் தாக்குப்பிடித்தால், அந்தச் சுமை முழுக்கப் படகின் மேல்தான் இறங்கும். அகலம் குறைந்த படகில், ஆள் உயரத்தில், உப்பிய கித்தானைப் பக்கக்காற்று தள்ளினால் படகே சாயும். அதனால் முன்பட்டைகளை ஒரே இழுப்பில் விடுபடும் உருவு சுருக்காலோ, ஈரக்கையாலும் திறக்கக்கூடிய கொக்கியாலோ முடி. படகின் வேகத்தைக் குறைத்து, ஒருவர் குழாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அவிழ்த்துப் பின்னால் மடித்துக் கட்டிவிட வேண்டும். இதைப் படகோட்டிக்கு நீயே செய்து காட்டு. அதற்கும் சேர்த்துத்தான் அவர் கூலி தருகிறார். மழையிலும் இப்படி அவிழ்த்து மடிக்க முடிவது உதவும்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 1 கிலோ. நடுக்குழாயைச் சற்று உயர்த்தித் தண்ணீர் வழிய வழிசெய்.

படகை ஒப்படைக்கும் முன் உள்ளே நின்று, இரண்டு கையாலும் முன்குழாயைப் பலமாக மேலே தள்ளு. பார்வை துணியில் இருக்க வேண்டாம். பட்டை படகைத் தொடும் இடத்தில் இருக்கட்டும். தகடு அசைகிறதா, ஃபைபரில் மயிரிழை விரிசல் தெரிகிறதா, குழாய் மூட்டைப் பூட்டும் ஆணி நழுவுகிறதா என்று பார். ஏதாவது ஒன்று அசைந்தாலும் அன்று படகைக் கொடுக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்