இடுப்புத் துப்பாக்கி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரு காலத்தில் வயலும் ஏரிக்கரையுமாகக் கிடந்த ஐயப்பன்தாங்கல் பூமி அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் நகை அடகுக் கடைகளாகவும் மனை வியாபாரிகளின் காரியாலயங்களாகவும் மாறிவிட்ட பிறகு, கையில் ரொக்கம் புரளுகிறவர்களின் சம்பாஷணையில் அவ்வப்போது தலைகாட்டும் ஆசை ஒன்று உண்டு. சட்டைக்குள் வெளியே தெரியாமல் செருகிக்கொள்ளும்படியாக ஒரு சிறிய பிஸ்டல் வாங்கி வைத்துக்கொண்டால் இரவில் கடையை மூடிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாமே என்பதுதான் அது. இந்த ஆசையைச் சுற்றிப் படர்ந்திருக்கும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை சினிமாவிலிருந்தும், அமெரிக்கப் பழக்கவழக்கங்களைக் காட்டும் வீடியோக்களிலிருந்தும் வந்து சேர்ந்தவை.

முதல் நம்பிக்கை, பணம் இருந்தால் விருப்பப்பட்ட துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது. கிளாக் நல்லதா, பெரெட்டா நல்லதா என்று தர்க்கம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், அவர்கள் பெயர் சொல்லும் மாதிரிகளில் அநேகம் 9 மி.மீ. தோட்டாவைச் சுடுபவை என்பதாகும். ராணுவமும் போலீசும் பிரயோகிக்கும் அந்த அளவு, சாமானியப் பிரஜைக்குத் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. அதற்கான லைசென்ஸைத் தரும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்திடமே இருக்கிறது. கடையை மூடிவிட்டு வசூலைப் பையில் வைத்துக்கொண்டு போகிறேன் என்ற காரணம் அங்கே எடுபடாது. அநுமதியின்றி அத்தகைய ஆயுதத்தை வைத்திருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு. அயல்நாட்டுக் கைத்துப்பாக்கிகளைத் தனிமனிதர் இறக்குமதி செய்வதும் எண்பதுகளின் மத்தியிலிருந்து, விளையாட்டு வீரர் முதலிய சிலரைத் தவிர, நின்றுபோய்விட்டது. ஆகவே பழைய வெப்லியோ வால்தரோ லைசென்ஸ் உள்ள ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும்போது, அதன் தரத்துக்கும் விலைக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லாமல் லட்சக்கணக்கில் பேரம் நடக்கிறது.

மிஞ்சுவது பெரும்பாலும் அரசாங்கத் தொழிற்சாலைகளில் உற்பத்தியாகும் .32 மற்றும் .22 குழல் அளவுள்ள ஆயுதங்கள்தாம். 2014 ஜனவரியில் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' என்ற பெயரில் ஒரு ரிவால்வர் வந்தது. டைட்டானியம் கலந்த உலோகம், எடை சுமார் அரைக் கிலோ, விலை 1,22,360 ரூபாய். தில்லியில் வன்கொடுமைக்கு ஆளாகிப் பின்னர் மாண்டுபோன ஓர் இளம் பெண்ணைப் பத்திரிகைகள் அழைத்த 'நிர்பயா' என்ற பெயரை நினைவூட்டும்படியாகப் பெயரிட்டு, பெண்களின் பாதுகாப்புக்கென்று விளம்பரம் செய்தார்கள். கடைசிப் பேருந்தில் பூந்தமல்லிக்குத் திரும்பும் ஒரு தொழிற்சாலைப் பெண்ணின் ஓராண்டுச் சம்பளத்தையே விழுங்கக்கூடிய விலையை வைத்துவிட்டு அவளுக்காகச் செய்தோம் என்று சொன்னது எனக்கு இன்றளவும் விளங்காத சமாசாரம். 2023 ஆகஸ்டில் அதே நகரத்தின் பொதுத்துறை நிறுவனம் 'பிரபல்' என்ற ரிவால்வரை வெளியிட்டபோது, 50 மீட்டர் வரை சுடவல்லது என்பதைப் பெருமையாகச் சொன்னார்கள். தற்காப்புக்கு ஆயுதம் தேடுகிறவனுக்கு இது என்ன பெருமை? 50 மீட்டருக்கு அப்பால் நிற்பவன் தன் உயிருக்கு உடனடி அபாயம் விளைவித்தான் என்று அவன் எந்த நீதிபதியிடம் போய் நிரூபிக்கப் போகிறான்?

செல்வந்தர்களுக்கும் அரசியல் செல்வாக்கு உள்ளவர்களுக்கும் மட்டுமே லைசென்ஸ் கிடைக்கும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. நடைமுறையில் செல்வாக்கு வேலை செய்யாது என்று சத்தியம் செய்ய நான் தயாராயில்லை. ஆனால் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவை நிராகரிக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அது கேட்பவை வேறு: 21 வயது நிறைந்திருக்க வேண்டும், காவல்துறையின் அறிக்கை வேண்டும், 2016ஆம் ஆண்டு விதிகள் வந்தபின், மனநலமும் உடல்நலமும் சீராயிருப்பதாக மருத்துவச் சான்றும், ஆயுதத்தைக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றும் வேண்டும். ஐயப்பன்தாங்கல் வருவாய்க் கணக்கில் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. காவலுக்கோ 2022 ஜனவரியில் உதயமான ஆவடி ஆணையரகம். ஆவடியில் 1965 முதல் டாங்கிகள் உருவாகி வெளியே வந்துகொண்டிருக்கின்றன என்றாலும், பக்கத்து ஊர்க்காரனுக்கு ஒரு சிறு பிஸ்டல் கைக்கு வருவதற்குள் பல மேஜைகளைத் தாண்டியாக வேண்டும். அது குறையென்று நான் கருதவில்லை.

இனி, ஆயுதம் சிறிதாயிருந்தால் கையாளுவதற்குச் சுலபம் என்ற நம்பிக்கைக்கு வருவோம். உள்ளவற்றுள் மிகவும் அபாயகரமானது இதுதான். எடை குறைந்த துப்பாக்கி சுடும்போது பின்னோக்கி உதைக்கும் வேகம், அதே தோட்டாவைச் சுடும் கனமான துப்பாக்கியின் உதையைவிட அதிகம் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். குழல் குட்டையானால், முனையிலுள்ள முன்குறிக்கும் கண்ணருகேயுள்ள பின்குறிக்கும் இடைப்பட்ட தூரமும் குறைகிறது. அந்த இடைவெளி 20 சென்டிமீட்டராக இருக்கையில், குறிகள் ஒன்றுக்கொன்று 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 5 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இடைவெளி 10 சென்டிமீட்டராகச் சுருங்கும்போது அதே பிழை 10 சென்டிமீட்டராக விரிகிறது. பயத்தில் நடுங்கும் கையில் 1 மில்லிமீட்டர் எம்மாத்திரம்! பிடியும் குறுகலாதலால் சுண்டுவிரலுக்கு இடமிருப்பதில்லை. ஆகவே பயிற்சி மைதானங்களில் அநுபவமுள்ளவர்கள் புதிதாக வந்தவனுக்கு முதலில் மிகச் சிறியதைக் கொடுப்பதில்லை. சிறியது பழகினவனுக்கு உரியது.

சிறிய ஆயுதங்களிலும் ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் உள்ள வித்தியாசத்தை அறியாததால் விளையும் விபத்துகள் தனி. ரிவால்வரில் உருளையை வெளியே தள்ளிப் பார்த்தால், எத்தனை அறைகளில் தோட்டா இருக்கிறது என்பது கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும். பிஸ்டலின் கதை அப்படியல்ல. பிடிக்குள்ளிருந்து மேகசினை உருவி மேஜைமேல் வைத்துவிட்டு, இனி இது வெறும் இரும்பு என்று நினைத்து விசையில் விரல் வைப்பவன், குழலின் அடியிலுள்ள அறைக்குள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்ட ஒற்றைத் தோட்டாவை மறந்துவிடுகிறான். மேகசினை எடுத்த பிறகு மேல்தகட்டைப் பின்னுக்கு இழுத்து, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்ப்பதே முறை. அந்த ஒரு விநாடிச் சோம்பலுக்குப் பலியாகிறவர், சுட்டவனைக் காட்டிலும் எதிரே உட்கார்ந்திருந்த தம்பியோ மனைவியோவாக இருப்பதுதான் வழக்கம்.

மறைத்து எடுத்துச் செல்வது ஒரு சாமர்த்தியம், ஏறக்குறைய ஒரு ரகசியம், என்று சிலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் அதற்கென்றே தனி அநுமதி முறைகள் வளர்ந்திருப்பதால் வந்த பிரமை அது. நம் நாட்டில், 2016 விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்குரிய உறைக்குள் வைத்து, முழுவதும் மூடப்பட்ட நிலையில், தன் கட்டுப்பாட்டை விட்டு அகலாதவாறு கொண்டுபோவது கடமை. எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துக்கொள்வதே விதிமீறல். விருந்தில் வேட்டியை விலக்கி இடுப்பைக் காட்டுவதோ, கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதோ வீரமாகாது. அஜாக்கிரதையாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. மாங்காடு காமாட்சியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்துக்கும், பிள்ளையைக் கொண்டுவிடப் போகும் கல்லூரி வளாகத்துக்கும், லைசென்ஸ் சட்டைப்பையிலேயே இருந்தாலும், விசேஷ அநுமதியின்றித் துப்பாக்கியை எடுத்துச் செல்வதற்கில்லை. லைசென்ஸில் எல்லை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தமிழ்நாடு என்று மட்டும் எழுதியிருக்கையில், காரில் ஏறித் திருப்பதிக்குப் புறப்படுகிறவர் மாநில எல்லையைத் தாண்டிய மாத்திரத்தில் குற்றவாளி ஆகிவிடுகிறார். தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் வழக்கம் வேறு.

ஒரே குண்டில் எதிரி சாய்ந்துவிடுவான் என்பதற்கும், ஆபத்து இருட்டுச் சந்திலிருந்து முகமறியாத அந்நியனாக வரும் என்பதற்கும் ஒருசேர மறுப்புச் சொல்லக்கூடிய சம்பவம், இதே நெடுஞ்சாலையில் கிழக்கே சில கிலோமீட்டரில், ராமாவரம் தோட்டத்தில் நடந்தது. 1967 ஜனவரி 12ஆம் தேதி மாலை எம்.ஜி.ஆரைக் காண வந்த எம்.ஆர். ராதா அந்நியரல்லர். முந்தைய மாதந்தான் வெளியாகியிருந்த 'பெற்றால்தான் பிள்ளையா' படத்தில் உடன் நடித்தவர். அதைத் தயாரித்த வாசுவையும் அழைத்துக்கொண்டு வந்து, வரவேற்பறையில் உட்கார்ந்து பேசியவர். கைக்கெட்டும் தூரத்தில் சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் காதோரமாகப் பாய்ந்து கழுத்தில் தங்கியது. ராதா தம்மையும் சுட்டுக்கொண்டார். அவ்வளவு கிட்டத்தில் சுட்டும் இருவருமே மாளவில்லை. குரல் சிதைந்தாலும் எம்.ஜி.ஆர். அடுத்த மாதமே பரங்கிமலைத் தொகுதியில் வென்று, முதலமைச்சராகவும் ஆகி, 1987 வரை இருந்தார். ராதா சிறையிலிருந்து மீண்டு 1979 வரை வாழ்ந்தார். கைத்துப்பாக்கியின் குண்டு, படத்தில் காட்டுவதுபோல், பட்டவுடன் ஆளைத் தூக்கி எறிவதில்லை. அன்றியும் சோபாவில் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் விருந்தாளிக்கு எதிராக, இடுப்பிலுள்ள ஆயுதத்தை உறையிலிருந்து எடுக்க அவகாசம் ஏது?

அவகாசம் கிடைத்துச் சுட்டுவிட்டாலும், தற்காப்பு என்ற சொல் எல்லாவற்றையும் மூடிவிடாது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், பழைய தண்டனைச் சட்டத்தின் அதே தத்துவத்தைத்தான் சொல்கின்றன: தற்காப்புக்கு அவசியமான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, காவல்துறையின் உதவியை நாட நேரமிருந்தால் அந்த உரிமையே எழாது. சங்கிலியைப் பறித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டவனை, போரூர்ப் பக்கம் மாலை நேரத்து நெரிசலுக்கு நடுவே, பின்னாலிருந்து சுடுகிறவர் நகையையும் மீட்கமாட்டார். குண்டு யார்மேல் பாயும் என்பதற்கும் அவரே உத்தரவாதி.

கடைசியாக, குடும்பங்களில் சத்தமின்றி நிலவும் ஒரு நம்பிக்கை: தாத்தாவின் ரிவால்வர் பேரனுக்குச் சொத்தாக வந்து சேரும் என்பது. லைசென்ஸ் தாத்தாவோடு முடிந்துபோகிறது. துப்பாக்கி மட்டும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தால், அது அந்த வீட்டில் சட்டவிரோதமாக இருக்கும் ஆயுதம். லைசென்ஸ் இன்றி வைத்திருப்பதற்கு இப்போது குறைந்தபட்சம் 2 ஆண்டு. வாரிசு தம் பெயரில் மனுச் செய்து லைசென்ஸ் பெறலாம். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் இல்லை. மனு முடிவாகும்வரை அது காவல் நிலையத்திலோ, அங்கீகாரம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ இருக்க வேண்டும். அதைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிடாமல், முதலில் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிற முறையில் பழைய லைசென்ஸ் புத்தகத்துடன் ஒப்படைத்து, துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் சரியாக எழுதப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.