புதிதாக வாங்கிய பள்ளையாடுகளுக்குத் தீனியும் பராமரிப்பும்

குட்டைக் கால்களும் திரண்ட சிற்றுடலும் உடைய வெள்ளாட்டு வகையைப் பள்ளையாடு என்று நம்மவர் வழங்குவர். பரந்த மேய்ச்சல் தரையும் கிடைபோடும் ஆளும் இல்லாத சிறு குடித்தனக்காரர்கள், கொல்லைப்புறத்தில் இரண்டும் மூன்றுமாகக் கட்டி வளர்ப்பதற்கு இது மிகவும் ஏற்றது. வேலித் தழையையும் வரப்போரப் பூண்டையும் தின்று வயிறு நிரப்பிக் கொள்ளும். வங்காளத்துக் கருப்பாடும் மேற்கு ஆப்பிரிக்காவின் குள்ள ஆடும் இத்தகைய சிற்றுடல் ஜாதிகளே. ஒரே ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகள் போடுவதற்கு அவை பெயர் பெற்றவை. ஆனால் சந்தையிலிருந்து ஓட்டி வந்த ஆடு முதல் மூன்று வாரங்களைப் பிழைத்துக் கடந்தால்தான் அந்த லாபமெல்லாம் கைக்கு வரும். பெருவாரியான நஷ்டம் அம்மூன்று வாரங்களுக்குள்ளேயே ஏற்படுகின்றது.

சென்ற ஐப்பசியில் யாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறுவோம். ஆற்றுப்பாசன ஊர் ஒன்றில் ஓர் அம்மாள் சீட்டுப் பணத்தை எடுத்து 4 பெட்டை ஆடுகள் வாங்கினார். வண்டியில் அரை நாள் பிரயாணம். வழியில் தழையும் இல்லை, தண்ணீரும் இல்லை. பட்டினியாய் வந்த வாயில்லா ஜீவன்களென்று இரக்கங்கொண்டு, விருந்தில் மிஞ்சிய சோற்றையும் கஞ்சியையும் அண்டாவில் கொட்டி, மேலுக்கு இரண்டு படி அரிசியும் தூவி வைத்தார். மறுநாள் விடியலில் ஓர் ஆடு செத்துக் கிடந்தது. மற்றொன்று வயிறு பறையைப் போல் விறைக்க, பல்லை நறநறவென்று கடித்துக் கொண்டு படுத்திருந்தது. அதுவும் அந்தியில் மாண்டது. விற்றவன் நோயாட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று ஊரார் பேசினர். கால்நடை வைத்தியர் வயிற்றைத் திறந்து காட்டியபோது, உள்ளே சோறும் அரிசியும் புளித்துக் கூழாய்க் கிடந்தன. இரண்டு ஆடுகளையும் கொன்றது அந்த அம்மாளின் இரக்கமே என்பதை அவரிடம் எடுத்துச் சொல்வது எமக்கு எளிதாயிருக்கவில்லை.

இதன் காரணத்தைக் குடியானவர்கள் ஒருமுறை நன்கு விளங்கிக் கொண்டால் பிறகு மறக்க மாட்டார்கள். ஆடு தழையைத் தானாக ஜீரணிப்பதில்லை. அதன் முதல் இரைப்பை ஒரு பெரிய புளிப்புப் பானையை ஒத்தது. கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் அப்பானையில் வாழ்ந்து, நாரைச் சிதைத்து ஆட்டுக்கு ஆகாரமாக்கித் தருகின்றன. தழைக்குப் பழகிய நுண்ணுயிர்கள் வேறு. தானியத்துக்குப் பழகியவை வேறு. தீனி மாறினால் அவற்றின் கூட்டமும் மாறவேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். திடீரென்று அரிசியோ சோறோ கம்போ மிகுதியாக உள்ளே சென்றால், மாச்சத்தை உண்டு பெருகும் ஒருவகை நுண்ணுயிர் ஓங்கி, இரைப்பை முழுவதையும் கடும் புளிப்பாக்கி விடுகின்றது. அப்புளிப்பு இரத்தத்தில் கலந்தால் ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ மரணம் நேரும். இதுவன்றி, குடலில் அடங்கிக் கிடக்கும் துள்ளுமாரிக் கிருமியும் இத்தகைய தீனி கிடைத்தவுடன் பெருகி நஞ்சைக் கக்குகின்றது. நன்றாய் மேய்ந்த கொழுத்த குட்டி துள்ளி விழுந்து சாவதன் உண்மை இதுவே.

ஆதலின், வாங்கும் இடத்திலேயே விற்பவரிடம் கேட்டறிய வேண்டிய முதற் கேள்வி, ஆடு இதுவரை என்ன தின்றது என்பது. விலையைக் குறைக்க ஒரு நாழிகை வாதாடுகிறவர்கள் இக்கேள்வியைக் கேட்பதேயில்லை. அதே தழையில் ஒரு கட்டு கூடக் கிடைத்தால் வாங்கி வருவது உசிதம். வயிறு புடைத்திருப்பதை மட்டும் பார்த்து ஏமாறலாகாது. உப்பிட்டுத் தண்ணீர் காட்டிச் சந்தைக்குக் கொணர்வோரும் உண்டு. கீழிமையை மெல்ல இறக்கி உட்புறத்தைப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் நலம், காகிதம்போல் வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் பூச்சி மிகுந்துள்ளதென்று கொள்க. வாலின் கீழ் கழிச்சல் ஒட்டியிருத்தல், மூக்கில் சளி வடிதல், இருமல் ஆகியவை இருந்தால் விலை எவ்வளவு மலிவாயினும் விட்டு விடுக. வயதைப் பல்லால் அறியலாம்: முன்பக்கத்துப் பாற்பற்களுள் நடுவிலுள்ள இரண்டு விழுந்து பெரிய பற்கள் முளைத்திருப்பின், ஏறக்குறைய ஒரு வயது கடந்தது.

வீடு வந்து சேர்ந்த நாள்

வந்த ஆட்டை நிழலில் தனியாகக் கட்டி, முதலில் தண்ணீர் காட்டுக. ஒரே மூச்சில் வாளி நிறையக் கொடாமல், சிறிது சிறிதாகச் சில தடவை கொடுத்தல் நலம். தண்ணீரில் சிறிது வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்தால் களைப்பு நீங்கும். அதன்பின் உலர்ந்த கடலைக்கொடியோ உளுந்தங்கொடியோ வைக்க வேண்டும். பழகிய தழையும் கொடுக்கலாம். அன்று அரிசி, சோறு, கஞ்சி, தவிடு, பிண்ணாக்கு எதுவும் கூடாது. ஆடு படுத்து அசைபோடத் தொடங்கினால் பாதிக் கவலை தீர்ந்ததென்று கொள்ளலாம். இடது விலாவின் பின்புறப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், இரைப்பை நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு முறை புரண்டு அசைவது கைக்குத் தெரியும். இதனைச் சிறுவர்களுக்கும் பழக்கி வைக்கலாம். அவர்கள் இதில் மிகுந்த உற்சாகம் காட்டுகின்றனர்.

அடுத்த பத்து நாட்களில் நம் ஊர்த் தழையை நாளுக்கு நாள் சிறிது கூட்டிப் பழைய தீனியைக் குறைத்து வருக. 20 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் மூன்று கிலோ பசுந்தழை, அதனுடன் ஒரு பிடி உலர்ந்த கொடி என்பது கணக்கு. அகத்தி, வேலிமசால், கிளிரிசிடியா, கொடுக்காப்புளி, வாகை, பூவரசு, ஆல், முருங்கை ஆகியவை நல்ல தழைகள். ஒன்றையே கொடாமல் இரண்டு மூன்றைக் கலந்து கொடுத்தல் வேண்டும். சவுண்டல் என்னும் சூபாபுல் தழை சத்து மிகுந்ததாயினும் அதிலொரு நச்சுப்பொருள் இருத்தலால் மொத்தத் தழையில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படலாகாது. இளஞ்சோளப் பயிரும் மரவள்ளியின் பச்சை இலையும் உயிருக்கு ஆபத்தானவை. வேலியில் அரளி இருந்தால் அதற்கு எட்டாத தூரத்தில் கட்டுக.

ஆடு எதையும் தின்னும் என்பர். அது முழு உண்மையன்று. ஆடுதின்னாப்பாளை, ஆடாதொடை என்று செடிகளுக்குப் பெயரிட்ட நம் முன்னோர், ஆடு எதை ஒதுக்குகிறது என்பதை நன்கு கவனித்தவர்களே. ஆயினும் அந்த விவேகம் சொந்த மேய்ச்சலிடத்தில் தாயைப் பின்பற்றிக் கற்றது. புது ஊரில், பசியோடு கயிற்றில் கட்டுண்ட ஆடு எட்டியதைத் தின்றுவிடும்.

தழையைத் தரையில் போட்டால் ஆடு மிதித்துவிட்டு ஒதுக்கும். கட்டித் தொங்கவிட வேண்டும். இங்கே பள்ளையாட்டின் உயரத்தை மறந்து விடுகின்றனர். பெரிய ஆட்டுக்குக் கட்டிய உயரத்திலேயே கட்டினால் இதற்கு நுனி மட்டுமே கிட்டும். கலந்து வளர்ப்போர் பள்ளைகளுக்குத் தாழ்வாகத் தனிக் கட்டுக் கட்டாவிட்டால், பெரியவை முட்டித் தள்ளிவிட, இவை நாளடைவில் மெலியும். தண்ணீர்த் தொட்டியும் தாழ்வாகவும் ஆழமின்றியும் இருத்தல் அவசியம். ஆழமான தொட்டியில் குட்டிகள் விழுந்து இறப்பதுண்டு.

அடர்தீனி கொடுப்பதாயின் பத்து நாள் கழிந்தபின் 50 கிராமில் தொடங்கி 150 கிராம் வரை மெல்லக் கூட்டலாம். சினையாடும் பாலாடும் அல்லாதவற்றுக்கு நல்ல தழை கிடைக்குமிடத்து அதுவும் வேண்டியதில்லை. நேர்த்திக்கடனுக்காகக் காயடித்து வளர்க்கும் கிடாய்க்கு அன்பு மிகுதியால் தவிட்டையும் அரிசியையும் ஊட்டுவோர், சில மாதங்களில் அது சிறுநீர் அடைத்து முக்கித் தவிப்பதைக் காண நேரிடும். தவிட்டிலும் தானியத்திலும் மணிச்சத்து மிகுந்து சுண்ணாம்புச்சத்து குறைந்திருப்பதால் கல் உண்டாகின்றது.

தனித்து வைத்தல்

வீட்டில் முன்னரே ஆடுகள் இருப்பின், புது ஆட்டை 21 நாட்கள் அவற்றோடு சேர்க்கலாகாது. ஒரு தட்டி மறைப்புப் போதாது. மூச்சுக் காற்று படாத தூரம் வேண்டும். தீனி வைக்கும்போது பழைய ஆடுகளை முதலில் கவனித்து, கடைசியாகவே புது ஆட்டிடம் செல்ல வேண்டும். இந்த 21 நாட்களுக்குக் காரணம் ஆட்டுக்கொல்லி நோய். 1942ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதன்முதல் விவரிக்கப்பெற்ற இந்நோய், இந்தியாவில் 1987ஆம் ஆண்டில் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் செம்மறிகளிடையே முதலில் அடையாளங் காணப்பட்டது. கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர்வடிதல், வாய்ப்புண், பிறகு துர்நாற்றமுள்ள கழிச்சல் என்பது இதன் வரிசை. நோய் தொற்றியபின் சில நாட்கள் ஆடு வெளிக்குச் சுகமாகவே காணப்படுமாதலால், சந்தையில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அறிய முடியாது. நோயை நேரே போக்கும் மருந்தில்லை. தடுப்பூசி மட்டும் உண்டு. ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கும். களைப்பு நீங்கி நன்கு தின்னத் தொடங்கியபின், கால்நடை வைத்தியரைக் கலந்து இதனைப் போட்டுக் கொள்க. துள்ளுமாரித் தடுப்பூசியை முதன்முறை இரண்டு மூன்று வார இடைவெளியில் இரு தடவையும், பிறகு ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்னரும் போட வேண்டும்.

பூச்சி மருந்தைப் பொறுத்தமட்டில் ஓர் எச்சரிக்கை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பள்ளையாட்டைக் கண்மதிப்பாக நிறுத்துச் சொல்பவர்களில் பெரும்பாலோர் தவறுகின்றனர். ஆட்டைத் தூக்கிக் கொண்டு நிறைகோல் மீது ஏறி நின்று, பின் தம் எடையைக் கழித்தால் சரியான எடை கிடைக்கும். குறைவாய்க் கொடுத்தால் பூச்சி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும். மிகுதியாய்க் கொடுத்தால் ஆட்டுக்கே தீங்கு நேரும். பனி உலர்வதற்கு முன் புல்லில் மேய விடாதிருந்தால் பாதி மருந்து மிச்சம். பூச்சியின் இளங்குஞ்சுகள் ஈரத்தோடு புல்நுனிக்கு ஏறி நிற்கும் நேரம் அதுவே. மேலே தொங்கும் தழையில் அவை இல்லை.

கொட்டில் விஷயத்தில் செலவு வேண்டியதில்லை. ஓர் ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி இடமும், சாரல் அடிக்காத கூரையும், ஈரம் தங்காத மேட்டுத் தரையும் போதும். ஆற்றுப்பாசன ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் தரை உலர்வதே இல்லையாதலால் மூங்கிற் பரண் அமைத்தல் நலம். குட்டிகளின் குளம்பு சிக்காதபடி இடுக்குகள் குறுகியிருக்க வேண்டும். ஆடு வாங்க மழைக்காலத்தை விடுத்துத் தை, மாசியைத் தெரிந்து கொள்ளலாம்.

வாங்கிய பெட்டைகள் சினைப்பருவம் அடைந்தபின், குட்டி பெரிதாய்ப் பிறக்குமென்று ஆசைப்பட்டுத் தலைச்சேரி, ஜமுனாபாரி போன்ற பெரிய கிடாய்களோடு சேர்ப்பதை யாம் ஒப்புவதில்லை. தலையீற்றுப் பள்ளைக்குப் பெரிய குட்டி வழியிலேயே தங்கித் தாய்க்கும் சேய்க்கும் மோசம் விளையக்கூடும். தன்னினக் கிடாயோடு சேர்த்தால் ஏறத்தாழ 150 நாட்களில் குட்டி ஈனும். ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்ததா என்று மடியருகே உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரட்டையில் சிறியது பின்தங்கினால், கறந்து சங்கிலோ பாலாடையிலோ புகட்டுக.