ஜூன் 14-க்குள் சுக்கானைப் பார்த்துவிடுங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் பாதியைத் தாண்டிவிட்டது. கரையேற்றிய விசைப்படகுகளில் இஞ்சின் வேலையும் பெயின்ட் வேலையும் மும்முரமாக நடக்கின்றன. சுக்கானை மட்டும் பலர் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தண்டுக்கு லேத் வேலை தேவைப்பட்டால் கடைசி வாரத்தில் பட்டறைக்காரரைப் பிடிக்க முடியாது. படகு தண்ணீரில் இறங்கிவிட்டால் சுக்கானைக் கழற்றுவதும் பெரும்பாடு.

பாக் விரிகுடாப் படகுகள் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும். தடை முடியும் நேரம் கச்சான் காலம். மேற்கேயிருந்து அடிக்கும் காற்றில் சுக்கான் செத்த படகு கிழக்கேதான் ஒதுங்கும். 1974-இல் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லை இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

“வீல் கனக்குது” என்று டிரைவர் சொன்னதும் புது வயர் வாங்க ஓட வேண்டாம். சுக்கான் தண்டின் தலையோடு சேரும் இடத்தில் வயரையோ ஹைட்ராலிக் சிலிண்டரையோ முதலில் பிரித்துவிடுங்கள். பிறகு சுக்கானைக் கையால் இரண்டு பக்கமும் தள்ளுங்கள். லேசாகத் திரும்பினால் கோளாறு மேலே, வயரிலோ கப்பியிலோ பம்பிலோ இருக்கிறது. அப்போதும் இறுகினால் கோளாறு கீழே. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மாற்றும் பாகமெல்லாம் வீண் செலவு.

கீழே இறுகுகிறதென்றால் கிளாண்டைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். நீர் ஒழுகுகிறதே என்று அதை அளவுக்கு மீறி முடுக்கியிருப்பார்கள். அதிலும் சரியாகவில்லையா? சுக்கானின் மேல் விளிம்புக்கும் படகின் அடிக்கும் நடுவே உள்ள இடைவெளியை, நேராக வைத்தும் இரு பக்கம் திருப்பியும் அளந்து பாருங்கள். அளவு மாறினால் தண்டு வளைந்திருக்கலாம். தரைதட்டிய படகில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சுக்கானின் அடிப்பகுதியைப் பிடித்து உலுக்கும்போது தடதடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது.

எனக்கு மிகவும் கவலை தருவது கண்ணுக்குத் தெரியாத கோளாறு. ஒருவர் தண்டின் தலையை அசையாமல் பிடிக்கட்டும், இன்னொருவர் கீழே சுக்கான் பலகையைப் பலமாகத் தள்ளட்டும். தண்டு நிற்க, பலகை மட்டும் நகர்ந்தால் உள்ளே வெல்டிங் விட்டுவிட்டது என்று பொருள். இரட்டைத் தகட்டுச் சுக்கானில், கரையேற்றிப் பல நாளாகியும் தையலோரம் துருநீர் கசிந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து அரித்துக்கொண்டிருக்கிறது. இதன் மேல் பெயின்ட் அடித்து மூடுவதைப்போல ஆபத்து வேறில்லை. தகட்டைப் பிரித்தே ஆகவேண்டும்.

வயரில் பழந்துணியைச் சுற்றி முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள், வெறுங்கை வேண்டாம். துணி மாட்டும் இடத்தில் இழை அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கப்பியில் வளையும் இடமாகவே இருக்கும். வயர் கிளிப்பில் ‘யு’ வடிவ போல்ட் வயரின் குட்டை முனைமேல் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் வயரையே அது கடிக்கும். முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டுகளை இன்னொரு முறை முடுக்குங்கள்.

ஹைட்ராலிக் படகில் வீல் மெத்தென்று அமுங்கினால் லைனில் காற்று. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, முழுக்க வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். வீலைப் பிடித்திருந்தும் சுக்கான் மெல்ல நழுவினால் பம்பையும் சிலிண்டர் சீலையும் சோதிக்க வேண்டும். ஒற்றைப் புரொபெல்லர் படகு கொஞ்சம் ஒரு பக்கம் இழுப்பது இயல்புதான். போன பருவத்தைவிட அதிகமாக இழுத்தால் மட்டும் காரணம் தேடுங்கள்.

பாதி கரைந்த ஜிங்க் கட்டியை இப்போதே மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் படக்கூடாது.

பாய் விரித்து ஓடும் வள்ளங்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஆனாலும் சுக்கான் தொங்கும் கொக்கியும் வளையமும் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வள்ளம் ஓயாமல் காற்றை நோக்கியே திரும்பினால், சுக்கானைக் குறை சொல்லும் முன் பாயைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

விசைப்படகுக்காரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். வயர் அறுந்தால் தண்டின் தலையில் மாட்டித் திருப்ப ஓர் இரும்புக் குழாய் செய்து வையுங்கள். கரையில் இருக்கும்போதே அதை மாட்டி, இரு பக்கமும் தடையில்லாமல் திரும்புகிறதா என்று பாருங்கள். ஐஸ் பெட்டிக்கு அடியில் போட்டுவிடாமல், டிரைவரின் கைக்கு எட்டும் இடத்தில் கட்டிவையுங்கள்.