கையொப்ப முதலும் திரைப்படமும்

சேலத்தினின்று ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்குமுன், மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிலையத்தின் வாயில் வளைவு இன்றும் நிற்கின்றது. இங்கிலாந்து சென்று நெசவுத்தொழில் பயின்று மீண்ட டி. ஆர். சுந்தரம் 1935-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்நிலையத்தினின்று நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. மலையாள மொழியின் முதற் பேசும்படமாகிய 'பாலன்' 1938-இலும், தமிழில் முழுவதும் வண்ணத்தில் அமைந்த முதற் படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இலும் அந்நிலையத்தார் அளித்தவையே. களமும் கருவியும் தொழிலாளரும் ஒரே மதிலுக்குள் அடங்கியிருந்தனர். பணம் வேண்டின் முதலாளியைக் கேட்டல் வேண்டும். அவர் இசைந்தால் படம் உண்டு, இசையாவிடின் இல்லை. அம்முறை சீரியதோ அன்றோ என ஆராய்தல் எம் நோக்கமன்று. அது மறைந்துபோயிற்று. சேர்வராயன் மலையடியில் இன்று ஓர் இளைஞர் குழு படமெடுக்க விழையின், சென்று கேட்பதற்கு அத்தகையதொரு வாயில் இல்லை. யாரிடம் கேட்பது, எங்ஙனம் கேட்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எல்லாப் படங்களையும் பற்றி யாம் ஈண்டுப் பேசவில்லை. தனி முயற்சியால் எடுக்கப்பெறும் உளவியல் திகிற்படம் ஒன்றனையே, அதிலும் இணையப் புகழைப் பொருளாகக் கொண்ட படத்தையே எடுத்துக்கொள்கின்றோம். அதற்குக் காரணம் உண்டு. பிற படங்களில் கதை ஒரு பக்கமும் பணம் ஒரு பக்கமுமாக ஒன்றையொன்று பாராது இருத்தல் கூடும். இப்படத்திலோ அவ்விரண்டும் முகத்துக்கு முகம் நிற்கின்றன. பலர் காண வேண்டும் என்னும் வேட்கை ஒருவன் மனத்தை எவ்வாறு அரிக்கின்றது என்பது கதை. பலர் காண வேண்டும், கண்டு பணம் தர வேண்டும் என்பது முதல் திரட்டுவோரின் நிலை. நோய்க்கு மருந்து வாங்க அந்நோயிடமே கடன் கேட்பது போன்ற இடர் இது. இவ்விடரை எண்ணிப் பாராமல் இணையத்தில் வேண்டுகோள் விடுப்போர், படம் முடியுமுன்னரே தம் கதைத் தலைவனாகிவிடுகின்றனர்.

பலரிடமும் சிறுதொகை பெற்று ஒரு செயல் முடித்தலைத் 'திரள்நிதி' என இக்காலத்தார் வழங்குப. பெயர் புதிது, வழக்கம் பழைது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சிட்டு வெளியிட்டபோது, செலவுக்கு வேண்டிய பொருளின் பொருட்டுப் பலரிடம் முன்னரே கையொப்பம் பெற்றார் என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். நூல் இன்னும் உருவாகவில்லை. ஆயினும், உருவானதும் ஒரு படி தமக்கு வரும் என நம்பிப் பலர் பெயர் எழுதினர். கையொப்பம் என்பது பிச்சையன்று, பங்கு வாணிகமும் அன்று. இல்லாத பொருளுக்கு நம்பிக்கையின்பேரில் முன்னரே தரும் விலை. எம் கட்டுரை முழுவதும் இச்சொல்லைச் சுற்றியே செல்லும். திருவள்ளுவர் 'ஈகை'யை அடுத்துப் 'புக'ழை வைத்தார். 'இரவு' என்னும் அதிகாரத்தை அடுத்து 'இரவச்ச'த்தை வைத்தார். கொடுப்பார்க்குப் புகழும் கேட்பார்க்கு அச்சமும் தொடர்ந்து வருவனவாக அம்முறைவைப்பு எமக்குத் தோன்றுகின்றது. கேட்பவனே புகழைத் தேடிக்கொண்டு கேட்கும் விந்தை இணையக் காலத்ததே.

திரைப்படத்திற்கும் இவ்வழக்கம் வந்து அரை நூற்றாண்டு ஆகின்றது. சியாம் பெனகலின் 'மந்தன்' (1976) குசராத்துப் பால் கூட்டுறவினர் ஐந்து இலட்சம் பேர், தலைக்கு இரண்டு ரூபாய் தந்து எடுப்பித்த படம். அவர்களே பின்னர் வண்டி வண்டியாக வந்து தம் படத்தைப் பார்த்தனர் என்பர். தமிழில் ஜெயபாரதி 'குடிசை'யைப் (1979) பொதுமக்களிடம் திரட்டிய பொருளால் எடுத்தார். 'அக்கிரகாரத்தில் கழுதை'யைத் தமிழில் தந்த ஜான் ஆபிரகாம், 1984-இல் நண்பர்களோடு ஒடேசா என்னும் குழுவைக் கண்டு, கேரளத்தின் ஊர்தோறும் சென்று படங்காட்டிப் பொருள் திரட்டி, 'அம்ம அறியான்' (1986) எடுத்தார். இம்மூவரும் கேட்ட முறையில் ஓர் ஒற்றுமை உண்டு. தம் முகத்தைக் காட்டிக் கேட்டாரல்லர். பாலையோ, ஊர்த் தெருவையோ, ஒரு படக்காட்சியையோ முன்வைத்துக் கேட்டனர். நம் சபைகளில் பெண்கள் சமைக்குந்தோறும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துத் திரட்டும் காணிக்கையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. யார் எத்துணைப் பிடி இட்டார் என்பதைக் கலயம் சொல்வதில்லை.

எம் பொருளுக்கு மிக அணித்தாய் உள்ளது கன்னடப் படமாகிய 'லூசியா'. அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 'லைஃபு இஷ்டேனே' என்னும் படத்தை 2011-இல் இயக்கிய பவன் குமார், அடுத்த கதையைத் தயாரிப்பாளரிடம் கொண்டு சென்றபோது அவர்கள் இசையவில்லை. தம் மனக்குறையை அவர் இணையத்தில் எழுத, படித்தோர் தாமே முதலிட முன்வந்தனர். 27 நாட்களில் 110 பேரிடமிருந்து ஏறத்தாழ 51 இலட்ச ரூபாய் சேர்ந்தது. கதையோ, உறக்கம் வாராத திரையரங்கப் பணியாளன் ஒருவன் ஒரு மாத்திரையை விழுங்கி, கனவில் தான் பெரும் நடிகனாய் வாழக் காண்பது. எது நனவு, எது கனவு எனக் காண்போர் மயங்குமாறு ஒரு வாழ்வு வண்ணத்திலும் மற்றொன்று கருப்பு வெள்ளையிலும் செல்லும். புகழ் பெற்றவனின் நாட்களே வண்ணமிழந்து நிற்கின்றன! நட்சத்திர நடிகரை நம்பி முதலிடும் ஒருவர் இவ்வமைப்புக்கு இசைந்திருப்பாரோ? இசைந்திரார் என்றே எண்ணுகின்றோம். 2013-இல் இலண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் காண்போர் தேர்வாகப் பரிசு பெற்று, அவ்வாண்டு செப்டம்பரில் படம் வெளிவந்தது. இரண்டாண்டுகட்குப் பின் 'எனக்குள் ஒருவன்' (2015) எனத் தமிழில் மறுபடியும் எடுக்கப்பெற்றபோது, முதல் வழக்கமான தயாரிப்பாளருடையதாகவே இருந்தது. கன்னடத்தில் பலர் துணிந்த பின்னரே தமிழில் ஒரு நிறுவனம் துணிந்தது என்க.

இனி, இதன் மறுபக்கத்தையும் காண்போம். பவன் குமார் முற்றும் அறியப்படாதவர் அல்லர். ஒரு படம் இயக்கி, நடித்தும் எழுதியும் பெயர் பெற்றிருந்தார். அமெரிக்காவில் 'வெரோனிகா மார்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரைத் திரைப்படமாக்க 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக வேண்டியபோது, 91,000-க்கு மேற்பட்டோர் 57 இலட்சம் டாலர் தந்தனர். தொடரோ முன்னரே புகழ் பெற்றது. ஆகவே திரள்நிதி என்பது எளியார்க்கெல்லாம் திறந்த கதவு எனக் கூறுதல் முழு உண்மையன்று. முகம் அறியப்பட்டவர்க்கு அது அகலத் திறக்கும், அறியப்படாதவர்க்குச் சிறிதே திறக்கும். இதனை உணர்ந்த இளைஞர் செய்யும் செயல் யாது? பணம் கேட்குமுன் பின்தொடர்வோரைத் திரட்ட முயல்கின்றனர். நாள்தோறும் ஒரு காணொளி, அழுகையும் சிரிப்புமாக ஒரு முறையீடு. பின்தொடர்வோர் மிகப் பலரைக் கொண்ட ஒருவர், "யான் பணம் தருவேன், எனக்கு ஒரு வேடம் தருக" என்பார். அவ்வேடம் இழிவுடையதாயின் ஒப்பார். கதை ஈண்டே வளையத் தொடங்குகின்றது.

ஏற்காட்டையே களமாகக் கொண்டு எண்ணிப் பார்ப்போம். தோட்டத்து வீடொன்றில் தனித்து வாழும் இளைஞன் ஒருவன், தன் நாளெல்லாம் பல்லாயிரவர்க்குக் காட்டி வருகின்றான் எனக் கொள்க. காண்போர் தொகை குறையவே, இரவில் யாரோ கதவைத் தட்டுவதாகத் தானே புனைகின்றான், தொகை ஏறுகின்றது. சில நாளில், அவன் புனையாத இரவிலும் கதவு தட்டப்படுகின்றது. இத்தகைய கதைக்குப் பெருஞ்செலவு வேண்டா. இருவர் கணினித் திரையின் வழியே உரையாடுவதைப் பெரும்பகுதியாகக் கொண்டு, அந்தரங்கம் இணையத்தில் ஏறுவதால் விளையும் கேட்டைக் காட்டிய 'லென்ஸ்' 2017-இல் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் ஓடியது. ஒரு வீடு, மூவர் அல்லது நால்வர் நடிகர், மலை தரும் பனிமூட்டம், இவை போதும். ஆயின் பனிமூட்டம் கூலி கேளாது வருமேயன்றி, அழைத்த நாளில் வாராது. ஒரு காட்சியின் பாதியில் அது கலைந்துபோயின், அடுத்த நாளும் காமிராவுக்கு வாடகை தந்து காத்திருத்தல் வேண்டும். மே மாதக் கோடை விழாவின்போது அறை கிடைத்தல் அரிது. காப்பி பறிக்கும் காலத்தில் தோட்டத்தாருக்கு ஓய்வில்லை. சென்னையினின்று வரும் கருவிகளுக்கு, மலையின் இருபது கொண்டையூசி வளைவுகளையும் ஏறும் நாளும் இறங்கும் நாளும் கணக்கில் சேரும். காப்புக்காட்டில் காமிரா வைக்க வனத்துறையின் இசைவு வேண்டும். முதல் திரட்டுவோர் பெரும்பாலும் மறப்பவை வேறு சில: படத்தொகுப்பு, ஒலிச்சேர்க்கை, 1952-ஆம் ஆண்டின் சட்டப்படி பொதுக்காட்சிக்கு வேண்டிய தணிக்கைச் சான்று. படம் பிடித்து முடித்த பின் இவற்றுக்குப் பணமின்றிப் பெட்டியில் உறங்கும் படங்கள் பல.

ஐந்து இலட்ச ரூபாய் வேண்டும் எனக் கொள்வோம். ஒருவரிடம் ஐந்து இலட்சம் பெறலாம். ஐந்நூறு பேரிடம் தலைக்கு ஆயிரம் பெறலாம். ஐந்நூறு பேரும் ஆதாயத்தில் பங்கு கேட்பின் சட்டம் குறுக்கிடும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டமும் அதன் விதிகளும், பொது அறிவிப்பின்றித் தனிமுறையில் பங்கு விற்பதைப் பொதுவாக ஓராண்டில் 200 பேர் என்னும் அளவில் நிறுத்துகின்றன. பங்கு தருவதாகச் சொல்லிவிட்டு வெறும் நன்றி தருவது வஞ்சகம். ஆகவே கையொப்ப முறையே ஏற்றது என்பது எம் துணிபு: ஆயிரம் ரூபாய் தந்தவர்க்குப் படம் முடிந்ததும் அதனைக் காணும் உரிமை உண்டு, ஆதாயம் இல்லை, இது முதல் வரியிலேயே எழுதப்பட வேண்டும். இணையத்தைக் கையாளுதல் கூடாதென யாம் கூறவில்லை. அது அஞ்சற்காரன் போல நிற்கட்டும், கூத்தாட வேண்டா. முன்வைக்க வேண்டியவை கதையின் சுருக்கம், செலவுக் கணக்கு, படம் முடியும் நாள், மூன்று நிமிடக் காட்சி ஒன்று. இயக்குநரின் கண்ணீர் அவற்றுள் சேராது.

இங்ஙனம் கேட்பின் தொகை மெல்லவே சேரும் என்பதை மறுக்கவில்லை. முகம் அறியாத பல்லாயிரவரை விட்டு, முகம் அறிந்த சில நூற்றுவரிடம் செல்ல நேரும்: பழைய மாணவர், சேலத்துக் கடைவீதியினர், மலைத்தோட்டத்தார், திருச்சபை வாலிபர் சங்கத்தார். முகம் அறிந்தாரிடம் வாங்கிய பணம் கனமுடையது; படம் நின்றுபோயின் அடுத்த ஞாயிறு ஆலய வாயிலில் அவரைக் காண வேண்டும். இணையத்தில் பணம் தந்தவர் மறப்பார். ஊரில் தந்தவர் கேட்பார். அக்கேள்வியைத் தாங்கும் துணிவு இல்லாதவர் முதல் திரட்டப் புகாதிருத்தல் நலம்.

கொடுத்தார் பெயரை என் செய்வது? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்னும் கருத்தைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த எமக்கு, ஒவ்வொரு நன்கொடைக்கும் உடனுக்குடன் இணையத்தில் பறையறையும் வழக்கம் உவப்பாயில்லை. கொடுப்பவரையும் சிறு புகழுக்கு ஏங்கச் செய்து, அவ்வேக்கத்தால் மேலும் பணம் கறப்பது அம்முறை; இப்படத்தின் கதையும் அதுவே. எனினும் கணக்கு மறைவாயிருத்தல் ஆகாது. ஆதலின் பெயர்களை அகர வரிசையில், தொகை குறியாது, படத்தின் இறுதியில் ஒருமுறை காட்டலாம். பெயர் வேண்டாதார் விலகி நிற்கலாம். செலவுக் கணக்கை மட்டும் திங்கள்தோறும் கையொப்பமிட்டார் அனைவர்க்கும் அனுப்புதல் வேண்டும். குறித்த நாளில் முழுத்தொகை சேராவிடின் பெற்ற பணம் முழுவதையும் திருப்பித் தருவதாக முன்னரே உறுதி கூறி, அதுவரை அப்பணத்தை வங்கியில் இருவர் கையொப்பமின்றி எடுக்கவியலாத கணக்கில் வைத்தல் முறை. அவ்விருவருள் ஒருவர் படக்குழுவைச் சேராதவராய் இருத்தல் வேண்டும்.